ஐந்தாவது டம்ளர்

நம் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால், இதற்குப் போய் இவ்வளவா என்பார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம் என்று நம்புகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. ரயில் பாதையிலிருந்து, என் ஒன்பது வயதுக் காலுக்கு நானூற்று முப்பது தப்படி. முன்னால் மணல் தரை, பின்னால் ஆறு வரிசை பெஞ்சு. புரொஜெக்டர் ஒன்றே ஒன்று என்பதால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. மேல்மாடிக்கு எழுபத்தாறு படி. சென்ற தீபாவளிக்கு ஏறிவிட்டு இரண்டு நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

அந்தக் கொட்டகையில் பார்த்த ஒரு மர்மப் படத்தால் என் சித்தி எங்கள் வீட்டை விட்டுப் போக நேர்ந்தது. படத்தின் மேல் பாதிப் பழி என்றால் மீதி என் மேல். அறுபத்திரண்டு வருடம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் அம்மா சானடோரியத்தில் இருந்தாள். நெஞ்சில் நிழல் என்று எங்களிடம் சொன்னார்கள். நிழல் எப்படி இருமல் வரவழைக்கும் என்று நான் அப்பாவைக் கேட்டேன். எனக்கும் என் அக்காவுக்கும் சமைத்துப் போட, ஊரப்பாக்கத்திலிருந்து அம்மாவின் தங்கை வந்தாள். சித்திக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் வந்ததில் அவளுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. தாம்பரத்தில்தான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. தினமும் நான்கிலிருந்து ஐந்து வரை போவாள். தேர்வில் நிமிடத்துக்கு முப்பது வார்த்தை அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் அண்ணன் பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட அவசரமில்லை. இதை அவள் என்னிடமே சொல்லியிருக்கிறாள், உலை கொதிக்கக் காத்திருக்கும்போது.

வீட்டில் மிஷின் ஏது? அரிவாள்மணைப் பலகையைத் திருப்பிப் போட்டு அதில் விரல்களால் தட்டுவாள். நான் அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடம் பார்ப்பேன். அவள் வந்தபோது இருபத்தொன்று. கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது இருபத்தாறு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போவோம். ஒரே ஸ்டேஷன்தான். வார்டுக்குள் குழந்தைகள் போகக் கூடாது. வாசலில் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாகப் பதித்திருந்தார்கள், அதற்கு இப்பால் நாங்கள். கல்லிலிருந்து வராந்தாவுக்குப் பன்னிரண்டு தப்படி. அங்கே அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சித்தி கொடுத்தனுப்பும் கஞ்சித் தூக்கை ஆயா வந்து வாங்கிக்கொண்டு போவாள். நொய்யரிசியும் பாசிப்பருப்பும் சீரகமும் போட்ட கஞ்சி. தூக்கின் மூடி ஒரு பக்கம் நசுங்கியது; நடக்கும்போது டக் டக்கென்று அடித்துக்கொண்டே வரும். அப்பா ரிப்போர்ட் பார்க்க ஆபீஸ் அறைக்குப் போய்விடுவார். அந்த ஒரு மணி நேரம் நான் அம்மாவுக்குப் படக்கதை சொல்வேன்.

உங்களுக்கும் நினைவிருக்கும். படம் பார்க்க முடியாதவர்களுக்குப் பார்த்தவர் வந்து கதை சொல்வது அப்போது எல்லார் வீட்டிலும் உண்டு. பாட்டு எங்கே, சண்டை எங்கே, யார் என்ன புடவை என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாமல் சொல்வான் என்று எனக்குப் பெயர். அம்மாவும் எண்ணுகிறவள்தான். அவளிடமிருந்துதான் இந்த வியாதி எனக்கு வந்தது.

அந்தப் படத்தை நானும் அக்காவும் அப்பாவும் சாயங்கால ஆட்டத்தில் பார்த்தோம். சித்தி வரவில்லை. அன்று எங்கள் வீட்டுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் முறை அந்த நேரத்தில்தான். விட்டால் மறுநாள் வரை இல்லை. "நீ வந்து சொல்லுடா, நான் கேட்டுக்கறேன்" என்றாள். நான் வந்து அவளுக்குச் சொல்லவே இல்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.

பதினேழு ரீல் என்று சென்சார் சர்டிபிகேட்டில் போட்டிருந்தது. படம் தொடங்குமுன், தயவுசெய்து முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ஒரு சிலைடு போட்டார்கள். கதை இதுதான். மலைமேல் ஒரு பங்களா. படுக்கையில் ஒரு பெண். என்ன நோய் என்று யாருக்கும் தெரியாமல் நாளுக்கு நாள் மெலிகிறாள். பங்களாவில் அவள் கணவர், டாக்டர், மேனேஜர், ஒரு சமையல்காரர். அப்புறம் அவள் தங்கை. தங்கை விளக்கேற்றுகிறாள், பக்திப் பாட்டு பாடுகிறாள், அக்கா காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். யாரோ மெல்லக் கொல்லும் விஷம் வைக்கிறார்கள் என்று தெரிகிறது. மேனேஜரைச் சந்தேகப்படுகிறோம், டாக்டரைச் சந்தேகப்படுகிறோம், கடைசியில் கணவரையே சந்தேகப்படுகிறோம். முடிவில், கஞ்சியில் விஷம் கலந்தவள் அந்தத் தங்கை. அக்காவின் இடத்துக்கு வரவேண்டும் என்று.

கொட்டகையில் பாதிப் பேர் கை தட்டினார்கள். பாதிப் பேர் எழுந்து கத்தினார்கள். யாரோ ஒருவர் திரையின் மேல் மணலை வாரி வீசினார்.

முதல் ஞாயிறு, முதல் இடைவேளை வரை அம்மாவுக்குச் சொன்னேன். அந்தப் பகுதியில் தங்கை ஒரே ஒருமுறைதான் வருகிறாள், அதுவும் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு. அதனால் அவளைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொன்னேன்:

"சமையக்காரர் காப்பித் தட்டோட மாடிக்கு வரார்மா. தட்டுல அஞ்சு டம்ளர்."

"எண்ணிட்டியா?" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. வராந்தாவில் தள்ளி உட்கார்ந்திருந்த கடைசிக் கட்டில் டீச்சர் மடியிலிருந்த பைபிளை மூடிவிட்டு, "சத்தமா சொல்லுப்பா, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றார்.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் படத்தைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. முடிவு சரியில்லை என்றவை பதின்மூன்று, பிரமாதம் என்றவை எட்டு, எங்கள் வீட்டில் கருத்தே இல்லை. "கூடப் பொறந்தவ விஷம் வெப்பாளா? கதை எழுதினவனுக்கு அக்கா தங்கச்சியே கிடையாது போல" என்று போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா சொன்னார். எதிர் வீட்டம்மா குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, "ஏன் வெக்க மாட்டா? அக்கா படுக்கையில, தங்கச்சி அடுப்படியில. அதைப் பாக்கக் கொட்டகைக்கா போகணும், நம்ம தெருவுலயே இருக்கே" என்றார். மூன்று பேர் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அக்கா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சித்தி இன்ஸ்டிடியூட்டில் இருந்த நேரம். அக்கா அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "அம்மாகிட்ட அந்தக் கதையைச் சொல்றியா?"

"முதல் இடைவேளை வரைக்கும் சொல்லியாச்சுப்பா."

"அந்தத் தங்கச்சி வந்துட்டாளா?"

"இன்னும் வரலை. ரெண்டாவதுலதான் வரா."

"அப்ப வரவே வேண்டாம். அவளை எடுத்துட்டுச் சொல்லு. சித்திகிட்டயும் இந்தப் படத்தைப் பத்தி மூச்சு விடாதே." பிறகு, "அம்மா நல்லாகி வரணும், புரியுதா?" என்றார்.

பதினேழு ரீல் படத்திலிருந்து ஒரு ஆளை எடுப்பது எப்படி? நானும் அக்காவும் பின்வாசலில் உட்கார்ந்து யோசித்தோம். கொலைகாரர் யார் என்று வைப்பது? "டாக்டர்னு சொல்லாதே, அம்மா மருந்து சாப்பிட மாட்டா" என்றாள் அக்கா. "சமையக்காரர்?" "அப்புறம் சோறு சாப்பிட மாட்டா." கணவர் என்று வைக்க எங்களுக்கே பயமாக இருந்தது. மேனேஜர் என்று முடிவானது. அவர் சாவதில் யாருக்கும் வருத்தமில்லை.

இரண்டாம் ஞாயிறு தப்பித்தேன். சமையல்காரருக்குத் தந்தி வந்து ஊருக்குப் போய்விடுகிறார் என்பதை ஞாபகமாகச் சொன்னேன். மூன்றாம் ஞாயிறு மாட்டிக்கொண்டேன்.

"அப்புறம் அந்த அம்மாவுக்குக் கஞ்சி வருது. குடிச்சவுடனே மயக்கம்..."

"கஞ்சியை யாரு கொண்டு வந்தா?" என்றாள் அம்மா.

"சமையக்காரர்."

"அவர்தான் ஊருக்குப் போயிட்டாரே. போன வாரம் நீதானே சொன்னே?"

"மேனேஜர் கொண்டு வரார்மா."

வராந்தாத் தூணில் சாய்ந்திருந்த ஆயா, "இன்னா தம்பி கதை உடுறே? பொம்பள படுத்துகினு கீற ரூமுக்குள்ள மேனேஜருக்கு இன்னா வேல? அவுங்க வூட்டுக்காரர் சும்மாவா பாத்துகினு இருந்தார்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

நான்காம் ஞாயிறு முடித்தேன். மேனேஜர் மலையிலிருந்து விழுந்து செத்தார். டீச்சர் கை தட்டினார். மற்றவர்கள் உள்ளே போனார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"படுத்திருக்கிற அம்மா, அவ வீட்டுக்காரர், டாக்டர், மேனேஜர். நாலு பேர். காப்பி கொண்டு வந்தது சமையக்காரர். நீ அஞ்சு டம்ளர் சொன்னியே?"

அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"அஞ்சாவது யாருக்கு?"

"தெரியலைம்மா."

"உனக்கா தெரியாது?" குரலில் கோபம் இல்லை. "யாராவது சொல்ல வேண்டாம்னாங்களா?"

ரிப்போர்ட்டைக் கையில் மடித்துக்கொண்டு அப்பா தூரத்தில் வந்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். நான் பார்த்ததை அம்மா பார்த்தாள்.

"வீட்டுல கஞ்சி யாரு வெக்கிறா?" என்றாள்.

"சித்தி."

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று தூக்கு நிறைந்தபடியே திரும்பி வந்தது. "அம்மா சாப்டலயாம். அப்படியே எடுத்துகினு போ" என்றாள் ஆயா.

வார்டிலிருந்து திரும்பி வரும் உணவை யாரும் தொடக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தென்னைக்கு ஊற்றிவிட்டு, பாத்திரத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். இது அப்பா வகுத்த சட்டம். எனக்கு அது தெரியும். ஆனால் ஒரு மணி நேரம் கத்திக் கதை சொல்லியிருந்தேன், பயம் வேறு, பசி வேறு. ஸ்டேஷனில் அப்பா டிக்கெட் எடுக்கப் போனார். அக்கா குழாயில் முகம் கழுவினாள். நான் நசுங்கிய மூடியைத் திறந்து கஞ்சியில் இரண்டு வாய் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. சீரகம் பல்லில் அகப்பட்டது.

வீட்டில் சித்தி தூக்கைத் திறந்து பார்த்தாள். "அக்கா சாப்பிடலையா?" என்றாள். பிறகு வெளிச்சத்தில் சாய்த்து, "கொஞ்சம் குறைஞ்சிருக்கே. வாயில வெச்சுப் பாத்துட்டுத்தான் வேண்டாம்னிருக்கா" என்றாள். விரலை விட்டு ருசி பார்க்கப் போனவள், சட்டம் நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டாள். "உப்பு ஜாஸ்தியாயிடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டே தென்னை மரத்துக்குப் போனாள்.

நான் குடித்தேன் என்று சொன்னால் அடி விழும். அதைவிட, எனக்கும் நிழல் வந்துவிடும் என்று எல்லாரும் பயப்படுவார்கள். நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். பல நாள் என் இருமலை எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு சித்தி உப்பைக் குறைத்தாள். தூக்கு நிறைந்தபடி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு உப்பே போடாமல், ஒரு பொட்டலத்தில் தனியாக மடித்துக் கொடுத்தாள். தூக்கும் வந்தது, பொட்டலமும் வந்தது. அன்று அப்பா வராந்தாவில் நின்று அம்மாவோடு வெகுநேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று பன்னிரண்டு தப்படிக்கு இப்பால் கேட்கவில்லை. மறுநாள் காலை சித்தியிடம், "அண்ணன் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வாம்மா" என்றார். அவளைப் பார்க்காமல், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"பரிட்சைக்குப் பதினேழு நாள்தான் இருக்கு, மாமா."

"பாக்கலாம்" என்றார் அப்பா.

போவதற்குமுன் சித்தி பலகையைத் திருப்பிப் போட்டு, "ஒரு தடவை பாருடா" என்றாள். நான் கடிகாரத்தைப் பிடித்தேன். இருபத்தொன்பது வார்த்தை.

சித்தி தேர்வு எழுதவில்லை. ஊரப்பாக்கம் அப்போது வயலும் ஏரியும்தான், டைப்ரைட்டிங் மிஷின் கிடையாது. தை மாதம் கல்யாணம். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். நல்ல மனிதர்தான், அதில் குறையொன்றும் சொல்ல முடியாது.

அம்மா குணமாகி வந்தாள். அதுவரை ஐந்து மாதம் அப்பாவே சமைத்தார். அதன்பின் அம்மா முப்பத்து மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். அத்தனை வருடத்தில் அக்காவும் தங்கையும் நான்கு கல்யாணங்களில் சந்தித்தார்கள். நலம் விசாரித்தார்கள். சித்தி எங்கள் வாசற்படி ஏறவில்லை. அம்மா கூப்பிடவும் இல்லை.

அம்மா விஷத்துக்குப் பயந்தாள் என்று வெகுகாலம் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இருபத்தெட்டு வயதில், தன் பிள்ளைகளைப் பன்னிரண்டு தப்படி தள்ளி நிறுத்திப் பார்த்தவள் அவள். தங்கை என்ற பேச்சே வராமல் கதையைச் சொல்லியிருந்தோம். தங்கையைப் பற்றி அப்பா ஏதோ மறைக்கிறார் என்பது அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். படத்தை அப்படியே சொல்லியிருந்தால், "போடா, என் தங்கச்சியாவது" என்று சிரித்திருப்பாள். அப்பா நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஒருமுறை அந்தப் படம் டிவியில் வந்தது. அம்மா முழுவதும் பார்த்துவிட்டு, "நீ சொன்ன முடிவுதான் நல்லா இருந்துது" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா, அப்பா, அக்கா மூவருமே இப்போது இல்லை.

போன மாதம் சித்தியிடமிருந்து போன். அவளுக்கு எண்பத்தொன்று. மேடவாக்கத்தில் மகன் வீட்டில், ஏழாவது மாடியில் இருக்கிறாள். "டேய், என்னைத் தண்ணிக்கு நிக்க வெச்சுட்டு நீங்க மூணு பேரும் போனீங்களே, அந்தப் படம் நாளைக்கு ரெண்டு மணிக்கு டிவில போடறானாம். வாயேன், சேந்து பாக்கலாம்."

போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். இரத்த அழுத்தம், வெயில், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்று மூன்று காரணம் தயாராக இருந்தது. போனேன். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போய்ச் சேர்வதற்குள் பதினான்கு தண்ணீர் லாரியை எண்ணினேன்.

மருமகள் சாப்பாடு போட்டாள். "உப்பு கிண்ணத்துல இருக்கு, போட்டுக்குங்க சார். அத்தை எப்பவும் குழம்புல இருந்து கஞ்சி வரைக்கும் எதுலயும் உப்பு போட விடமாட்டாங்க. எங்க மாமனார் இருந்தவரைக்கும் இதுக்கு ஒரு சண்டை" என்று சிரித்தாள். டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

டிவியில் பாட்டையெல்லாம் வெட்டியிருந்தார்கள். காப்பித் தட்டு வந்தது. ஐந்து டம்ளர். சித்தியின் விரல்கள் நாற்காலியின் கையில் தட்டிக்கொண்டிருந்தன. தங்கை அழுதபோது, "பாவம், நல்ல பொண்ணு" என்றாள். கடைசியில் அந்தப் பெண் முந்தானையிலிருந்து பொடியை எடுத்துக் கஞ்சியில் போட்டாள். சித்தியின் விரல்கள் நின்றன.

"தங்கச்சியா" என்றாள். பிறகு, "உங்கம்மாகிட்ட ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொன்னியே, அது இந்தக் கதைதானா?"

"இதுதான் சித்தி. ஆனா தங்கச்சியே இல்லாம சொன்னேன். அப்பா எடுத்துடச் சொன்னார். டம்ளர் எண்ணிக்கையை வெச்சு அம்மா கண்டுபிடிச்சுட்டா."

எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடிப் பேச்சிலிருந்து, நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது வரை. சித்தி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுக்கா?" என்றாள். "நான் உப்புன்னு நெனச்சேன்டா."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு மேசைமேல் இருந்த கிண்ணம் கண்ணில் பட்டது.

"வாயில வெச்சுப் பாத்துட்டுத்தானே திருப்பி அனுப்பினா. கொஞ்சம் குறைஞ்சிருந்துதே. நான் பாத்தேனே."

"அது நான், சித்தி. ஸ்டேஷன்ல குடிச்சேன். ரெண்டு வாய். அப்பாவுக்குப் பயந்து சொல்லலை."

சித்தி என் பக்கம் திரும்பினாள். வெளியே ஒரு லாரி பின்னோக்கி வரும் ஓசை ஏழு மாடி ஏறிக் கேட்டது.

"அப்ப உப்பு?"

"சரியா இருந்துது."

"நல்லா இருந்துதா?"

"நல்லா இருந்துது, சித்தி."

அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். படம் முடிய இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.